புள்ளி விவரம்

நூற்றிருபது படிவம்.
இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் அடித்ததில்
நாலு தாளில் கேள்வி மங்கிப்போனது.
அதற்கும் பதில் வாங்கிவிட்டேன்.

தலைப்பு நெறியாளர் தந்தது:
தற்காலக் குடும்பங்களும் நிறுவனங்களும்
எதிர்கொள்ளும் சவால்கள்,
காரைக்குடி வட்டாரத்தைச் சிறப்பாகக் கொண்டு.
சிறப்பு என்பது
கானாடுகாத்தான் பஸ்ஸில் படியோரம் நின்று போவது.

அந்த வீடு இப்போது பதினான்கு அறை ஓட்டல்.
முகப்பு அறை சாத்தப்பனுக்கு அலுவலகம்.
வளவைத் தாண்டி எதிர் அறை வயிரவனுக்கு.
அண்ணன் தம்பி. பங்காளி. பங்குதாரர்.
'உறவுமுறை' என்று நான் அச்சடித்த இடமோ
அரை அங்குலம்.

"எத்தனை புள்ளிம்மா உங்க வீட்டுல?"
படிவத்தைக் கையில் வாங்குமுன்
சாத்தப்பன் கேட்டார்.
இங்கே கோயில் கணக்கில்
கல்யாணமான ஆணும் பெண்ணும் சேர்ந்து
ஒரு புள்ளி.
அவர் ஓசூரில், நான் விடுதியில்,
மாதம் ஒரு ரயில்,
சிலிண்டர் புக் செய்தாயா என்று ஒரு செய்தி.
ஒரு புள்ளி என்றுதான் சொன்னேன்,
புள்ளிக்கு வலப்பக்கமும் எண் உண்டென்று
பரீட்சையில் எழுதித் தேறியவள்.

வரவேற்பு மேசை ஷமீமா
முப்பத்திரண்டு கேள்விக்கும்
'முற்றிலும் உடன்படுகிறேன்'.
ஸ்கேல் வைத்ததுபோல் நேர்கோடு.
மேலாளர் பின்னால் நின்றிருந்தார்.
கடைசித் தாளின் ஓரத்தில், பென்சிலில், பொடி எழுத்து:
"பிள்ளைக்குக் காய்ச்சல்னா லீவு கிடையாது.
மாமனாரை இதுவரை மூணு தடவை சாகடிச்சிருக்கேன்.
நல்லா இருக்கார். பிரியாணி கேட்கிறார்."

தேவகோட்டை நிதி நிறுவனத்தில்
நாச்சியப்பன் தன் அப்பாவுக்கு
மதிப்பிற்குரிய எம்.டி. அவர்களுக்கு என்று
மெயில் போடுகிறான்.
பதில் ராத்திரி வருகிறது,
மோர் ஊற்றும்போது: "அதுக்கு சரி."
எதற்கு என்று கேட்கப் பயமாம்.
அன்று மூன்று மெயில் போட்டிருந்தானாம்.

கணக்கர் அந்தோணிதாஸ்
நான் அங்கிருந்த இரண்டு மணி நேரத்தில்
பதினோரு முறை வளவைக் கடந்தார்.
"போர் மோட்டார் மாத்தணுமாம்."
"யாரு பணத்துலயாம்?"
"அதை அவுகளே சொல்லட்டுமாம்."
தமிழில் இப்படியொரு 'ஆம்' இல்லாவிட்டால்
அந்த ஓட்டல் ஒருநாள் ஓடாது.

பன்னிரண்டாம் கேள்வியில் அவர் பேனா நின்றது.
வேலைக்குப் பின்
குடும்பத்துக்கு நேரம் ஒதுக்க முடிகிறது.
"எந்தக் குடும்பத்துக்கு?" என்றார்.
முகத்தில் கிண்டல் இல்லை.
சந்தேகம் கேட்டால் விளக்கக் கூடாது,
முறையியல் அப்படி.
'முற்றிலும்' கட்டத்தில் டிக் அடித்தார்.

பதினேழு:
முக்கிய முடிவுகள் கலந்து பேசி எடுக்கப்படுகின்றன.
அண்ணன் டிக், தம்பி டிக்,
தனித்தனி அறை, தனித்தனிப் பேனா,
இரண்டும் விழுந்திருந்தன
மூன்றாம் கட்டத்துக்கும் நாலாம் கட்டத்துக்கும் நடுவே,
கோட்டின் மேல்.
மென்பொருள் கோட்டை ஏற்காது.
"விடையில்லைன்னு வச்சுக்க. 99 போடு" என்றார் நெறியாளர்.
போட்டேன்.
நூற்றிருபது பேரில்
அச்சு அசலாக ஒத்துப்போன இருவர்
அட்டவணையில் இல்லை.

நேற்று அந்தோணிதாஸ் போன் செய்தார்.
"மேடம், அந்தப் பன்னெண்டாம் கேள்வி...
எங்க வீட்டைக் கேட்டிருந்தீங்கன்னா
பதிலை மாத்தணும்."
மாத்தலாம் சார் என்றேன்.
கோப்பைத் திறந்து
அறுபத்து நாலாம் வரிசைக்குப் போய்
எந்தக் கட்டம் என்று கேட்பதற்குள்
அந்தப் பக்கம் செருப்பு தேயும் சத்தம்,
யாரோ எதையோ சொல்லும் சத்தம்.
"அப்புறம் பேசுறேன் மேடம்,
பெரியவரு கூப்பிடுறாராம்."